சாம்பியனின் உள்பாக்கெட்டு

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஐந்தும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வளர்ந்தவை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் அதைப் போடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். காலர் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது, பாக்கெட்டில் என்ன கறை, எல்லாம் எனக்கு எழுத்துதான்.

அப்படி நான் படித்த ஒருவரைப் பற்றியது இது. பெயர் சொல்லமாட்டேன். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகிற வழியில், என் இஸ்திரி வண்டி நின்ற தெருவில், எல்லோரும் அவரைச் சாம்பியன் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். சொல்லும்போது என் வாய் கொஞ்சம் கோணும். அதை எழுத்தில் காட்ட முடியாது.

ஸ்னூக்கர் என்று ஓர் ஆட்டம். கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டதுபோல ஒரு மேசை, அதன்மேல் பச்சைத் துணி. சிவப்புப் பந்துகளும் கலர்ப் பந்துகளும் கிடக்கும். நீளக் குச்சியால் வெள்ளைப் பந்தைக் குத்தி, அது போய் மற்றதை மூலைக் குழியில் தள்ள வேண்டும். இதில் அவர் மாநிலத்துக்கே முதல், பல தடவை. அப்பா ரயில்வேயில் இருந்தவராம். தாம்பரத்தில் ரயில்வே ஆட்கள் கூடும் கிளப்பில் வெள்ளைக்காரன் விட்டுப்போன மேசையில் கற்றுக்கொண்டாராம். அதை வைத்தே பேங்கில் வேலையும் கிடைத்தது. வேலைக்குப் போய் நான் பார்த்தது குறைவு. போட்டி இருந்தால் லீவு, இல்லாவிட்டால் பயிற்சிக்கு லீவு.

போட்டிக்கு என்று ஓர் உடுப்பு உண்டு. வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கறுப்பில் கையில்லாத கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை. முதல் தடவை பார்த்தபோது கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கிறவர் என்று நினைத்தேன். அவர்களாவது மூச்சுப் பிடித்து ஊதுகிறார்கள்.

துணியைக் கொடுக்கும்போதே பாடம் நடத்துவார். வலது கையில் மடிப்பு விழக்கூடாது. மணிக்கட்டுப் பட்டைக்கு மட்டும் கஞ்சி போட வேண்டும். கோட்டை நேரே தேய்க்காமல் மேலே ஈரத்துணி போட்டுத் தேய்க்க வேண்டும். முப்பது வருஷம் பெட்டி பிடித்தவளுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

“இந்தக் கை சாதாரணக் கை இல்லம்மா” என்பார்.

சாதாரணக் கை இல்லைதான். ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த அந்த வருஷங்களில், தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். ரிட்டயர் ஆன பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் பிடிப்பார்கள். சாம்பியன் மட்டும் கேட்டருகே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றிருப்பார். அவர் மனைவி பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஷேர் ஆட்டோவுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏழு எட்டு நடை நடப்பாள். ஒரு நாள் கால் வழுக்கிக் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் நின்ற இடத்திலிருந்தே, “பாத்து, பாத்து” என்றார். அப்புறம் என்னிடம், வெயிட் தூக்கினால் கை நடுங்கும், சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது என்று விளக்கம் சொன்னார். அந்த டீச்சர் புடவை ஈரத்தோடுதான் அன்றைக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

ஆனால் அவரைப்போல் நியாயவான் கிடையாது என்பது தெருவின் பேச்சு. அதற்குக் காரணம் ஒரு போட்டோ.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குத்துவதற்குக் குனியும்போது சட்டைக் கை தவறிப்போய் ஒரு பந்தில் பட்டுவிட்டால் அது ஃபவுல். நடுவர் பார்க்காவிட்டாலும், ஆடுகிறவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். எதிராளிக்கு நாலு பாயிண்ட், ஆடுகிற முறையும் அவனுக்கே போகும். ஒரு பெரிய போட்டியின் கடைசி ஆட்டத்தில் இவர் அப்படிக் கையைத் தூக்கினாராம். நடுவரும் பார்க்கவில்லை, எதிராளியும் பார்க்கவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியதாம். அப்புறம் கோப்பையும் இவருக்கே வந்தது. கை தூக்கிய அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. அதை லேமினேட் பண்ணி, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் மாட்டினார். கோப்பைகள் இருந்த கண்ணாடி அலமாரி அதற்குக் கீழே போனது.

இந்தக் கதையை என் வண்டியில் சாய்ந்துகொண்டு எனக்கே மூன்று தடவை சொல்லியிருக்கிறார். முதல் தடவை சட்டை பந்தில் உரசியது. இரண்டாம் தடவை ஒரு மயிரிழைதான் பட்டது. மூன்றாம் தடவை கோப்பையே கைவிட்டுப் போகிற நிலை, ஆனாலும் மனசாட்சி விடவில்லை. முதல் தடவை உண்மையாகவே பட்டிருக்கலாம். நான் பார்க்கவில்லை, அதனால் இல்லையென்று சொல்லமாட்டேன். கைதட்டலின் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

அவருடைய மனசாட்சி தெருவுக்குள் எப்படியிருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு காலையில் காரைப் பின்னால் எடுக்கும்போது நலச்சங்கச் செயலாளர் வீட்டு இரும்புக் கேட்டை இடித்துவிட்டார். கேட் ஒரு பக்கம் மடங்கிப்போனது. இறங்கிப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் செயலாளர் கேட்டைப் பார்த்துக் கொதித்துக்கொண்டு நின்றபோது, தண்ணீர் லாரிக்காரர்கள் வரவர மோசம் என்று சாம்பியனே பக்கத்தில் நின்று வருத்தப்பட்டார். எதிரே என் வண்டி. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இஸ்திரிக்காரியிடம் யார் கேட்பார்கள்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் முதல் வேலை பாக்கெட்டைப் பார்ப்பது. பெட்டி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதற வேண்டும். பஸ் டிக்கெட், பேனா, மாத்திரை, ஒரு தடவை ஒரு தங்கத் தோடு. எல்லாவற்றையும் ஒரு பால் டின்னில் போட்டு வைத்து, துணியோடு திருப்பிக் கொடுப்பேன். முப்பது வருஷத்தில் ஒரு துணி தீய்ந்ததில்லை, ஒரு கறை பட்டதில்லை. தெருவில் வெள்ளைச் சட்டை போடுகிற ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரும் என்னிடம்தான் கொடுத்தார்கள். என் பெயர் அந்த வெள்ளையில்தான் இருந்தது.

அன்றைக்குச் சாம்பியன் காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் பேசப் போகவேண்டும். விளையாட்டில் நேர்மை என்று தலைப்பாம். சட்டையும் கோட்டும் அவசரமாகக் கொடுத்தார். கோட்டில் முன்னால் இரண்டு பாக்கெட்டு. இரண்டையும் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே, உள்துணியோடு சேர்த்து மூன்றாவதாக ஒன்று தைத்திருந்தது எனக்குத் தெரியாது. புதிதாகத் தைத்திருக்கிறார். அதற்குள் அவர் குச்சி முனையில் தேய்க்கிற நீலச் சாக்குக்கட்டியின் தேய்ந்துபோன துண்டு ஒன்று கிடந்திருக்கிறது. ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன். சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது கரைந்து சேறாகி உள்துணியில் ஊறிவிட்டது. மடித்து வெள்ளைச் சட்டையின்மேல் வைத்தேன். அரைமணி கழித்து அவர் வந்து எடுத்தபோது, சட்டையின் விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

அவர் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. செயலாளர் பேப்பரோடு வந்தார். நான் கோட்டைத் திருப்பி அந்த உள்பாக்கெட்டைக் கண்டுபிடித்தேன். விரலை விட்டால் நறநறவென்று மண் மாதிரி ஒட்டியது. கட்டியென்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

“சார், இந்த உள்பாக்கெட்ட நான் பாக்கல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா உள்ள சாக்குக்கட்டிய வெச்சது நீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. செயலாளரைப் பார்த்துப் பேசினார். “நான் பாக்கெட்ல சாக் வைக்கிறதே கிடையாது, சார். அது மேசை விளிம்புலதான் இருக்கும். இது சொட்டு நீலம். கஞ்சியோட கலந்து கொட்டியிருக்காங்க.”

“நான் தொவைக்கறவ இல்ல, இஸ்திரி போடறவ. எங்கிட்ட நீலம் இருக்குதான்னு வண்டில தேடிப் பாருங்க.”

“அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களே, கேட்டீங்க இல்ல?” என்றார் சாம்பியன்.

கேட்டார்கள். அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நான் சொன்னதில் முதல் பாதி தெருவுக்குப் போதுமாக இருந்தது. செயலாளர் பொல்லாதவர் இல்லை. என்னிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். “விடும்மா. பேப்பர்ல போட்டோ வந்த மனுஷன். யாருமே பாக்காத ஃபவுலைத் தானே சொன்னவரு. அவர் எதுக்கும்மா பொய் சொல்லணும்?”

அவர் கை தூக்கினால் கைதட்டல். நான் கை தூக்கினால் என் பெயர் போனது. அந்த வாரத்திலேயே வெள்ளைச் சட்டைகள் குறைந்தன. கலர்ச் சட்டையும் புடவையும் வந்தன, வெள்ளை வரவில்லை. அடுத்த தெருவில் கரண்டுப் பெட்டி வைத்திருந்தவனிடம் போய்விட்டன. சங்கத்தில் வண்டியையே அது நிற்கிற மரத்தடியிலிருந்து எடுக்கச் சொல்லலாமா என்று பேச்சு வந்ததாக டீச்சரம்மாதான் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். எங்கள் தெருக்காரர் ஒருவர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர், தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் ஸ்னூக்கர் விளையாட இடம் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பியன் வந்து ஆடித் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. நலச்சங்கம் மொத்தமும் அழைப்பில் இருந்தது. அந்த மேசைத் துணிக்கும் இஸ்திரி போட வேண்டுமாம். இல்லாவிட்டால் பந்து நேரே ஓடாதாம். அதற்கென்று வந்த பெட்டி முதல் நாளே வயர் கருகிப்போனது. துபாய்க்காரருக்கு என் ஞாபகம் வந்தது. வெள்ளை வராத காலம், நானும் போனேன்.

அவர் வீட்டுக் கரண்டுப் பெட்டியைத்தான் வைத்தேன். தண்ணீர் தெளிக்கக் கூடாது. சூடு உள்ளங்கை தாங்குகிற அளவு. துணியைத் தடவிப் பார்த்தேன். பூனை முதுகு மாதிரி, ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்குகிறது, எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்க்கிறது. வழுக்குகிற பக்கமாகவே, பெட்டியை நிறுத்தாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து நடந்து தேய்த்தேன். அவ்வளவு பெரிய துணியை நான் என் வாழ்நாளில் தேய்த்ததில்லை. சொல்லிக்கொள்கிறேன், ஒரு சுருக்கம் இல்லை. ஓர் ஆட்டம் முடிந்ததும் பிரஷ் போட வேண்டும் என்று என்னை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். மேசை மூலையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். என் கண்ணும் மேசை விளிம்பும் ஒரே மட்டம்.

சாம்பியன் வந்தார். அதே கோட்டு. உள்துணி மாற்றியிருப்பார். சட்டை என் கைப்படாதது, தோளில் மடிப்பு தெரிந்தது. ஆனால் மணிக்கட்டுப் பட்டையில் கஞ்சி இருந்தது.

ஆட்டம் வரும் அவருக்கு. அதை இல்லையென்று சொன்னால் நான் பொய்க்காரி. குனிந்தாரென்றால் முதுகு பலகை மாதிரி நிற்கும், குச்சி மட்டும் போய் வரும். நான் தேய்த்த துணியில் பந்துகள் சத்தமில்லாமல் ஓடின. சிவப்பு விழும், கறுப்பு விழும், வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்குப் பக்கத்தில் போய்த் தானாக நிற்கும். எதிரே ஆடியவர் காலேஜ் பையன் மாதிரி இருந்தார், பாவம், உட்கார்ந்தே இருந்தார். சாம்பியன் பாயிண்டில் எங்கேயோ போய்விட்டார், இனி தோற்க முடியாது என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது என் மூலைக்கு வந்தார். ஒரு சிவப்புப் பந்துக்கு மேலாகக் கையை நீட்டி நின்றார். என் முகத்துக்கு நேரே, ஒரு முழம் தூரத்தில் அந்த மணிக்கட்டு. பட்டைக்கும் பந்துக்கும் நடுவே எதிர்ச்சுவர் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. கஞ்சி போட்ட பட்டை விறைத்து நிற்கும், தொங்காது. சுண்டுவிரல் போகும் இடைவெளி. பந்து அசையவில்லை.

அவர் நிமிர்ந்தார். கையைத் தூக்கினார். “ஃபவுல். என் சட்டை பட்டுடுச்சு” என்றார்.

அப்புறம் கைதட்டல். செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்தே தட்டினார். ஒருவர் போட்டோ எடுத்தார். செய்யாத தப்புக்குக் கையைத் தூக்கி வாங்கிக்கொள்கிறார் மனுஷர். செய்த தப்பு என் வண்டியின்மேல் நீலமாய்க் கிடக்கிறது.

அந்தக் கைதட்டல் அவரை மயக்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, பழக்கத்தில் கையைக் கோட்டுக்குள், அக்குளுக்குக் கீழே விட்டார். நீலச் சாக்குக்கட்டியை எடுத்தார். குச்சி முனையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். திரும்ப அதே இடத்தில் போட்டுக்கொண்டார். மேசை விளிம்பில் துபாய்க்காரர் வைத்த புதுக்கட்டி நாலு, தொடாமல் அப்படியே இருந்தன.

நான் செயலாளரைப் பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது. அவரும் என்னைப் பார்த்தார்.

முக்காலியிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. கத்தவும் இல்லை. கைதட்டல் அடங்கட்டும் என்று இருந்து, அடங்கின பிறகு சொன்னேன்.

“சார், அந்த உள்பாக்கெட்டுக்கும் ஒரு தடவ கையத் தூக்கிடுங்க.”

எல்லோருக்கும் கேட்டது. புரிந்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். சாம்பியனின் கை கோட்டின்மேல் போய் விலாவை மூடிக்கொண்டது. சிரித்தார். “அம்மா என்னமோ சொல்றாங்க” என்று மற்றவர்களைப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த டீச்சரம்மா தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேராக அவள் அவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

நேரம் கொடுத்தேன். அவர் தூக்கவில்லை. திரும்ப அவர் முறை வந்தபோது ஒரு பந்து குழியின் வாயிலேயே இருந்தது. நான் பிரஷ்ஷால் தள்ளினாலே விழும். அதைத் தவறவிட்டார். ஏசி அதிகமாக இருக்கிறது, கை விறைக்கிறது என்றார்.

மறுநாள் காலையில் செயலாளர் தானே வந்தார், ஆறு வெள்ளைச் சட்டையோடு. மன்னிப்பு என்றெல்லாம் அவர் வாயில் வராது. “காலருக்குக் கஞ்சி கொஞ்சம் கம்மியா போடும்மா” என்றார். நான் அவருக்குக் காலரில் கஞ்சியே போட்டதில்லை. சரி சார் என்றேன். வண்டி மரத்தடியிலேயே நின்றது.

சாம்பியன் அப்புறம் தன் துணியை என்னிடம் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. டீச்சரம்மா ஒரு நாள் அந்த நீலம்பட்ட சட்டையை எடுத்து வந்தாள். பத்துத் தடவை துவைத்தும் மங்கலாக இருந்தது. தேய்த்துத் தரச் சொன்னாள். பிறகு மெல்ல, “நான்தாம்மா அந்தப் பாக்கெட்டைப் பாத்துக் குடுத்திருக்கணும். என் தப்பு” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். “டீச்சரம்மா, தண்ணியும் நீ தூக்கற, அவர் தப்பயும் நீயே தூக்கணுமா? எறக்கி வை” என்றேன். சட்டையை வாங்கிக்கொள்ளாமலே போனாள். அது எனக்கு வருஷக்கணக்கில் பெட்டி துடைக்கிற துணியாக இருந்தது. நல்ல பருத்தி.

அவர்கள் பிறகு வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போனார்கள். இன்னும் இரண்டு கோப்பை வாங்கினார் என்று கேள்வி. இருக்கட்டும். தாம்பரத்து மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோவைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மூலையில் முக்காலியில் என் தலை பாதி தெரியும்.

அவ்வளவுதான். எழுதியதைப் படித்துக் காட்டு, கண்ணு. மெதுவாகப் படி. முதலில் அந்த இடத்தைப் படி, மூன்றாவது பாக்கெட்டை நான் பார்க்காமல் விட்டது என் தப்பு என்று சொன்னேனே. அது இருக்கிறதா? பாட்டிக்கு அசிங்கம் என்று நீ பாட்டுக்கு விட்டிருந்தால் இப்போதே எழுதிச் சேர்.